திரையில் ஏறிய வழக்கு

விருத்தாசலம் என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று பழமலைநாதர் கோயில், மற்றொன்று பீங்கான். எங்கள் வகுப்பில் பலருடைய வீடுகளில் அப்பாவோ அம்மாவோ பீங்கான் வேலைக்குப் போகிறார்கள். அச்சில் களிமண் கூழை ஊற்றுவதும், காய்ந்த பொம்மையின் ஓரங்களைச் சீவுவதும், அகல் விளக்குகளை அடுக்குவதும் நாங்கள் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்த காட்சிகள். சூளையிலிருந்து இறக்கிய கோப்பையை எடுத்து வைப்பதற்கு முன் ஒரு விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். முழுக் கோப்பையானால் ‘ணங்’ என்று ஒலிக்கும். உள்ளே மயிரிழை போன்ற விரிசல் இருந்தாலும் ‘டொக்’ என்று அடங்கிவிடும். மேலே பூசிய மெருகு பளபளவென்று இருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காதுக்குத்தான் தெரியும்.

இவ்வாண்டு பள்ளி விழாவில் எங்கள் வகுப்பு ஒரு நீதிமன்ற நாடகம் நடத்த வேண்டும் என்று முடிவாயிற்று. ஒத்திகைக்கு முன் எங்கள் தமிழ் ஆசிரியை, “குறுக்கு விசாரணை என்றால் என்ன? யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்” என்று கேட்டார்கள். சினிமா பார்த்தவர்கள் சினிமாவில் கண்டதைச் சொன்னார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒருத்தி மட்டும் எழுந்து, “கோப்பையைச் சுண்டிப் பார்ப்பதுதான் டீச்சர்” என்றாள். அதைவிடச் சரியான விடை அன்று எவரிடமிருந்தும் வரவில்லை. அவளைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம். நாடகத்துக்காக நாங்கள் பார்த்த படங்களையும், கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட செய்திகளையும் முதலில் எழுதுகிறோம்.

நீதிமன்றப் படம் ஒன்றைப் பாருங்கள் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டபோது வீட்டுக்கு வீடு ஒரே பெயரைத்தான் பெரியவர்கள் சொன்னார்கள். ‘கௌரவம்’. 1973ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த படம். எழுதி இயக்கியவர் வியட்நாம் வீடு சுந்தரம். ‘வியட்நாம் வீடு’ என்னும் நாடகத்தை எழுதிப் புகழ் பெற்றதனால் அந்த நாடகத்தின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ‘கௌரவம்’ படமும் முதலில் நாடகமாக இருந்ததுதான். அப்போது அதற்கு ‘கண்ணன் வந்தான்’ என்று பெயர். ஒய்.ஜி.பார்த்தசாரதி அவர்களின் யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் குழு அதைச் சென்னை மேடைகளில் நடத்தியது. 1952இல் தொடங்கிய குழு அது. பகலில் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வேடம் கட்டுபவர்கள் நிறைந்த சபா நாடகக் குழுக்கள் அக்காலத்தில் சென்னையில் பல இருந்தன என்று தாத்தா பாட்டிமார் சொல்கிறார்கள்.

கதை இதுதான். பாரிஸ்டர் ரஜினிகாந்த் பெயர் பெற்ற வழக்கறிஞர். (சிறிய வகுப்புத் தங்கைகள் இந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தார்கள். நடிகர் ரஜினிகாந்த் திரையில் முதன்முதலாகத் தோன்றியது 1975இல். இந்தப் பாரிஸ்டர் அவருக்கு இரண்டு ஆண்டு மூத்தவர்.) உயர் நீதிமன்ற நீதிபதிப் பதவி தமக்குத்தான் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கிறார். வரவில்லை. மனம் புண்பட்டுப் போகிறது. தம்மை ஒதுக்கிய நீதித்துறைக்குத் தம்முடைய திறமையைக் காட்ட வேண்டும் என்ற ஆத்திரத்தில், கொலைப் பழி சுமந்த மோகன்தாஸ் என்னும் பணக்காரருக்காக வாதாட இறங்குகிறார். அவர் எடுத்து வளர்த்த பிள்ளை கண்ணன். அவனும் வழக்கறிஞன். பெரியப்பா செய்வது நியாயமன்று என்று அவனுக்குப் படுகிறது. வீட்டை விட்டு வெளியேறி, அதே நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வழக்கறிஞனாக எதிரே வந்து நிற்கிறான். முடிவை நாங்கள் எழுதப் போவதில்லை. இன்னும் பார்க்காதவர்கள் இருப்பீர்கள்.

பெரியவர், சிறியவர் இருவரும் சிவாஜி கணேசனே. புகைக்குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு புருவத்தை மட்டும் உயர்த்திப் பேசுகிறவர் ஒருவர். அடக்கமாகத் தலை குனிந்து, ஆனால் சொன்ன சொல்லிலிருந்து நகராமல் நிற்கிறவர் மற்றொருவர். ஒரே முகம் என்பது சிறிது நேரத்தில் மறந்தே போகிறது. மேடையில் ஒரே நடிகர் இரண்டு பேராக எதிரெதிரே நின்று வாதாட முடியாது. கேமராவினால் முடியும். நாடகம் படமானபோது கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்பது எங்கள் எண்ணம். வளர்த்தவரும் வளர்க்கப்பட்டவரும் ஒரே முகத்தோடு மோதும்போது, ஒரு மனிதர் தம் மனச்சாட்சியோடு வழக்காடுவது போலவே இருக்கிறது. இசை மெல்லிசை மன்னர் விஸ்வநாதன்; பாடல்கள் கவியரசு கண்ணதாசன். பெரியவரின் மனைவியாக வரும் பண்டரிபாய் நீதிமன்றத்தில் வாயே திறப்பதில்லை. ஆயினும் கணவருக்கும் பிள்ளைக்கும் நடுவே வீட்டில் அவர் படும் பாடுதான் எங்களை அதிகம் அழ வைத்தது. கறுப்புக் கோட்டு அணிந்த ஒரு பெண்ணையாவது அந்த நீதிமன்றத்தில் காட்டியிருக்கலாம் என்று எங்களில் சிலருக்குக் குறை. 1923இலேயே பெண்கள் வழக்கறிஞர் ஆவதற்கு இந்தியாவில் சட்டம் வழி திறந்துவிட்டது. பின்னாளில் தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்த பாத்திமா பீவி அம்மையார் 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார்கள். 1984இல் வந்த ‘விதி’ படத்தில்தான் சுஜாதா வழக்கறிஞராக வந்து அந்தக் குறையைத் தீர்த்தார். அதன் வசனத்தை ஒலிநாடாவில் போட்டுக் கல்யாண வீடுகளில்கூட ஒலிக்க விட்டார்கள் என்று எங்கள் அம்மாக்கள் சொல்லக் கேட்டோம்.

நாடகக்காரர்களுக்கு நீதிமன்றத்தின்மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று யோசித்துப் பார்த்தோம். இடம் ஒன்றே போதும். ஒரு மேசை, ஓர் உயர்ந்த நாற்காலி, இரண்டு கூண்டுகள். பச்சை மலையோ ஆறோ திரையில் எழுத வேண்டியதில்லை. சண்டை உண்டு, ஆனால் கத்தியில்லை, பேச்சுத்தான் ஆயுதம். எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே உட்கார்ந்திருக்கும் நாமே நீதிபதிகள் ஆகிவிடுகிறோம். பாண்டியன் அவையில் கண்ணகி நின்ற காட்சியைத் தமிழ் வகுப்பில் படிக்கும்போது எங்களுக்கு இதே எண்ணம் வந்தது. அவள் அழுது மட்டும் நீதி கேட்கவில்லை. சான்று காட்டினாள். அரசியின் சிலம்பின் உள்ளே இருப்பது முத்து; என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம். உடைத்துப் பார் என்றாள். கோவலனைக் கொல்வதற்கு முன்பே யாராவது அந்தச் சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் மதுரை எரிந்திராது.

தமிழ் நாடகத்தைப் படித்தவர்களின் கலையாக்கிய பம்மல் சம்பந்த முதலியாரும் ஒரு வழக்கறிஞர்தாம். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி நாடகங்கள் எழுதி நடித்தவர், பின்பு சிறு வழக்குகள் நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தார். பகலில் அவர் கேட்ட வாதங்கள் இரவில் வசனத்துக்கு உதவியிருக்குமோ என்னவோ! அதற்குப் பின் அறிஞர் அண்ணாவின் நாடகமான ‘வேலைக்காரி’ 1949இல் படமாயிற்று. அதிலும் நீதிமன்றக் காட்சி உண்டு. 1952இல் வந்த ‘பராசக்தி’யும் பாவலர் பாலசுந்தரத்தின் நாடகமே. கலைஞர் கருணாநிதி வசனம் எழுதினார். குற்றவாளிக் கூண்டில் நின்றபடி சிவாஜி கணேசன் பேசும் பேச்சு இன்றுவரை பள்ளி மாறுவேடப் போட்டிகளில் ஒலிக்கிறது. எங்கள் பள்ளியிலேயே மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை கேட்டோம்! அந்தப் படத்தில் தங்கை கூண்டில் நிற்கிறாள். தங்கை என்று அறியாமலே அண்ணன் நீதிபதி நாற்காலியில் இருக்கிறார்.

படத்தில் பார்ப்பது அத்தனையும் உண்மையில் நடப்பதா என்றால், இல்லை. எங்கள் தோழி ஒருத்தியின் மாமா வழக்கறிஞர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் ஐயங்களை எல்லாம் பொறுமையோடு தீர்த்து வைத்தார்.

நீதிபதி சுத்தியலால் மேசையைத் தட்டி ‘ஆர்டர் ஆர்டர்’ என்று கூவுவது நம் நீதிமன்ற வழக்கம் அன்று. சாட்சி பகவத் கீதைமேல் கை வைத்துச் சத்தியம் செய்வதும் படத்தில்தான் மிகுதி. 1969ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டப்படி, கடவுள் பெயரால் ஆணையிட்டோ, மனமார உறுதி கூறியோ உண்மையைச் சொல்வதாக வாக்களித்தால் போதும். கையில் நூல் எதுவும் வேண்டியதில்லை. வழக்கறிஞர்கள் சாட்சியின் முகத்தருகே சென்று கத்துவதும் இல்லை. பெரும்பாலும் கேள்வி கேட்பதும், பதிலைப் பதிந்துகொள்வதும், அடுத்த தேதிக்குத் தள்ளுவதுமாகவே நாட்கள் செல்லும் என்றார். “அதை அப்படியே படம் எடுத்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள் அம்மா” என்று சிரித்தார்.

சாட்சியை விசாரிப்பதில் மூன்று படிகள் உண்டு. சாட்சியை அழைத்தவர் முதலில் கேட்பது முதல் விசாரணை. எதிர்த்தரப்பு கேட்பது குறுக்கு விசாரணை. அதில் எழுந்த குழப்பத்தைத் தெளிவாக்க முதலாமவர் மீண்டும் கேட்பது மறு விசாரணை. முதல் விசாரணையில், விடையைத் தானே உள்ளடக்கிய கேள்வியைக் கேட்கக் கூடாது. ‘சிவப்புச் சட்டை போட்டிருந்தவன்தானே ஓடினான்?’ என்று தம் சாட்சிக்கு எடுத்துக் கொடுப்பது தவறு. ‘என்ன பார்த்தாய்?’ என்றுதான் கேட்க வேண்டும். ஆனால் குறுக்கு விசாரணையில் அத்தகைய கேள்விகளைத் தாராளமாகக் கேட்கலாம். இந்த விதிகள் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இருந்தன. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அதனிடத்தில் பாரதிய சாட்சிய அதிநியம் வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் மாறினாலும் இந்த முறை மாறவில்லை.

கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் தானியேல் நூலோடு சேர்ந்துள்ள சூசன்னாவின் வரலாற்றை மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். முதியவர் இருவர் அவள்மீது வீண்பழி சுமத்துகிறார்கள். ஊரே அவளைக் கொல்லப் புறப்படுகிறது. இளைஞன் தானியேல் என்ன செய்கிறான்? இருவரையும் தனித்தனியே பிரித்து நிறுத்தி, எந்த மரத்தின் அடியில் பார்த்தாய் என்று ஒரே கேள்வியைக் கேட்கிறான். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்ல, மற்றவர் வேறு மரத்தைச் சொல்கிறார். பொய் உடைந்தது. வழக்கறிஞர் மாமாவிடம் இதைச் சொன்னோம். இன்றும் ஒரு சாட்சி சொல்வதை மற்றொரு சாட்சி கேட்காதபடி வெளியே நிறுத்தி வைப்பது அதற்காகவே என்றார்.

எங்களுக்கு இருந்த பெரிய ஐயம் வேறு. குற்றம் செய்தவன் என்று தெரிந்தும் ஒரு வழக்கறிஞர் அவனுக்காக வாதாடலாமா? பாரிஸ்டர் செய்தது தவறுதானே? இதில் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்து மதிய உணவு மணி அடித்த பிறகும் சண்டை போட்டது. மாமா சொன்ன விடை எங்களுக்கு வியப்பாக இருந்தது. இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகளின்படி, குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியா இல்லையா என்று தம் மனத்துக்குத் தோன்றுவதைப் பொருட்படுத்தாமல் அவருக்காக வாதாடுவது வழக்கறிஞரின் கடமை. தீர்ப்புச் சொல்வது நீதிபதியின் வேலை. வழக்கறிஞரே முன்கூட்டித் தீர்ப்புச் சொல்லிவிட்டால், ஊரார் வெறுக்கும் ஏழைக்கு வாதாட ஒருவரும் வர மாட்டார். அப்படியானால் பாரிஸ்டரிடம் பிழை எங்கே இருக்கிறது? வழக்கை எடுத்ததில் அன்று. அதை எடுத்த காரணத்தில்தான் என்று நாங்கள் முடிவு செய்தோம். அவர் கட்சிக்காரருக்காக வாதாடவில்லை, தம் கௌரவத்துக்காக வாதாடினார். படத்தின் பெயரே அதைச் சொல்லிவிடுகிறது.

இன்னொன்றும் கேட்டோம். தந்தையும் மகனும் எதிரெதிரே வாதாடலாமா? வாதாடலாமாம். நெருங்கிய உறவினர் நீதிபதியாக அமர்ந்திருக்கும் நீதிமன்றத்தில்தான் வழக்கறிஞர் ஆஜராகக் கூடாது. மேலும், ஒரு வழக்கில் விடுதலையான ஒருவரை அதே குற்றத்துக்காக மறுபடியும் விசாரித்துத் தண்டிக்க முடியாது. மேல்முறையீடு செய்யலாம், புதிதாக வழக்குப் போட முடியாது. ஆகவே முதல் விசாரணையே ஒழுங்காக நடக்க வேண்டும்.

திரையில் வாதாடியவர்களைப் பற்றிச் சொன்னோம். திரை நட்சத்திரங்களே கூண்டில் நின்ற உண்மை வழக்கு ஒன்றும் உண்டு. 1944 நவம்பரில் சென்னையில் ‘இந்து நேசன்’ பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். எம்.கே.தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். அப்போது ஜூரி முறை இருந்தது. ஊரிலிருந்து பொறுக்கி எடுத்த ஒன்பது பேர் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். எல்லாரும் ஒரே மனத்தினராக இல்லை. பெரும்பான்மையோர் குற்றவாளி என்றனர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. பாகவதரின் ‘ஹரிதாஸ்’ படம் வெளியே கொட்டகை நிறைந்து ஓடிக்கொண்டிருக்க, அவர் உள்ளே இருந்தார். வழக்கு இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பி, 1947இல் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அவர்களுக்காக வாதாடியவர் பாரிஸ்டர் வி.எல்.எத்திராஜ். மறு ஆண்டு, 1948இல், பெண்களுக்கென்று சென்னையில் கல்லூரி தொடங்கியவரும் அவரே. எங்கள் மூத்த மாணவியர் இடம் கிடைக்குமா என்று ஏங்கும் எத்திராஜ் கல்லூரி அதுதான். விடுதலை கிடைத்தது, ஆனால் சிறைக்கு முன் இருந்த புகழ் பாகவதருக்கு மீளவே இல்லை. 1974இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிகளுக்கு இடமில்லை.

இவ்வளவு தூரம் போவானேன்! எங்கள் ஊருக்கு அருகிலுள்ள முதனை கிராமத்தை இன்று உலகம் அறியும். 1993இல் நகைத் திருட்டுப் பழி சுமத்தப்பட்ட ராஜாக்கண்ணு என்பவர் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே அடிபட்டு இறந்தார். தப்பி ஓடிவிட்டார் என்று சொன்னார்கள். அவர் மனைவி நம்பவில்லை. வழக்கறிஞர் கே.சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ஒருவரைக் காவலில் வைத்திருக்கிறார்கள் என்றால் அவரை நீதிபதி முன் கொண்டு வந்து நிறுத்து என்று கேட்பதுதான் அந்த மனு. கொண்டு வந்து நிறுத்த ஆள் உயிரோடு இல்லை. உண்மை கொஞ்சங் கொஞ்சமாக வெளிவந்து, பல ஆண்டுகளுக்குப் பின் காவலர்கள் தண்டனை பெற்றார்கள். 2021இல் த.செ.ஞானவேல் இயக்கத்தில் சூர்யா நடித்த ‘ஜெய் பீம்’ இந்த வழக்கைத் தழுவியது. படத்தில் இருளர் குடும்பமாகக் காட்டினார்கள். உண்மையில் அவர்கள் குறவர் இனத்தார். அந்தப் பக்கத்திலிருந்து பேருந்தில் வரும் தோழியர் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அந்தப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்களாம். பார்க்க முடியவில்லையாம்.

கடைசியாக ஓர் ஆங்கிலப் படம். எங்கள் ஆங்கில ஆசிரியை ஒரு சனிக்கிழமை வகுப்பறைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். ‘தி வின்ஸ்லோ பாய்’. டெரன்ஸ் ராட்டிகன் 1946இல் எழுதிய நாடகம். 1948இல் ஆண்டனி அஸ்குவித் இயக்கத்தில் பிரிட்டனில் படமாயிற்று. கறுப்பு வெள்ளைப் படம், பேச்சும் வேகம், பாதி புரியவில்லை. ஆயினும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

இதற்கும் அடிப்படை உண்மைச் சம்பவமே. 1908இல் ஆஸ்பர்ன் கடற்படைப் பள்ளியில் படித்த ஜார்ஜ் ஆர்ச்சர்-ஷீ என்னும் 13 வயதுச் சிறுவன், உடன் படித்தவனின் ஐந்து ஷில்லிங் அஞ்சல் ஆணையைத் திருடிக் கையெழுத்துப் போட்டு மாற்றிவிட்டான் என்று பள்ளியை விட்டு நீக்கப்பட்டான். கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. நான் செய்யவில்லை என்றான், தந்தை நம்பினார். அரசாங்கத்தின்மேல் வழக்குத் தொடுப்பது எளிதன்று. சர் எட்வர்டு கார்சன் என்னும் புகழ் பெற்ற வழக்கறிஞர் முதலில் பையனைத் தாமே கடுமையாக விசாரித்துப் பார்த்து, பிறகுதான் வழக்கை ஏற்றுக்கொண்டார். 1910இல் விசாரணை. அஞ்சல் நிலைய அம்மையார் சாட்சி சொன்னார். குறுக்கு விசாரணையில் அவரால் இன்ன பையன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சீருடையில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோலவே இருந்தார்கள். நான்காம் நாள் அரசுத் தரப்பே சிறுவன் குற்றமற்றவன் என்று ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு 3,000 பவுன் இழப்பீடும் வழக்குச் செலவும் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை 1914இல் முதல் உலகப் போரில் 19ஆம் வயதில் இறந்துபோனான்.

நாடகத்தில் ஒரு புதுமை. நீதிமன்றமே மேடைக்கு வருவதில்லை. அத்தனையும் அந்த வீட்டுக் கூடத்திலேயே நடக்கிறது. தந்தையின் உடல்நலம் கெடுகிறது, பணம் கரைகிறது, மூத்த மகளுக்கு நிச்சயித்த கல்யாணம் நின்றுபோகிறது. ஐந்து ஷில்லிங்குக்கா இவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு அந்த வீடு பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. படத்தில் நீதிமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் சேர்த்துக் காட்டினார்கள். எங்களுக்கு என்னவோ, வீட்டுக் கூடத்தில் வழக்கறிஞர் அந்தப் பையனை நெருப்பாக விசாரிக்கும் காட்சிதான் மறக்கவில்லை. எல்லாரும் அவனைத் திருடன் என்று அவர் நினைப்பதாகப் பயந்துகொண்டிருக்கும்போது, இவன் குற்றமற்றவன் என்று சொல்லி வழக்கை ஏற்றுக்கொள்கிறார். சுண்டிப் பார்த்தார், ‘ணங்’ என்று ஒலித்தது.

சீருடையில் எல்லாரும் ஒன்றுபோல் இருந்தார்கள் என்ற இடத்தில் எங்கள் வகுப்பு அமைதியாகிவிட்டது. ஏன் என்று இப்போது சொல்ல வேண்டும்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன் எங்கள் வகுப்பில் ஒருத்தி சுற்றுலாவுக்காகக் கொண்டு வந்த 500 ரூபாய் காணாமற் போயிற்று. மதிய இடைவேளையில் அவளுடைய பைக்கு அருகே ஒருத்தி குனிந்திருந்ததைப் பார்த்ததாக மற்றொருத்தி சொன்னாள். பெயரையும் சொன்னாள். அவ்வளவுதான். ஆசிரியைகளிடம் போவதற்கு முன்பே நாங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். குற்றம் சாட்டப்பட்டவள் கடைசி வரிசைப் பெண். அவள் அம்மா அகல் விளக்குக்குக் காவி பூசும் கூலி வேலைக்குப் போகிறவர். சுற்றுலாவுக்கு அவள் பெயர் கொடுக்கவில்லை. எங்களுக்கு அதுவே சாட்சியாகப் போய்விட்டது. நாங்கள் நாற்பத்திரண்டு பேர். நான்கு நாட்கள் ஒருவரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவள் ஒரே ஒரு முறை, “நான் எடுக்கல” என்றாள். பிறகு பேசவில்லை. ஐந்தாம் நாள் பணம் கிடைத்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று பணத்துக்குரியவளே ரெக்கார்டு நோட்டின் பழுப்பு அட்டைக்குள் செருகி வைத்து மறந்திருந்தாள். எல்லாரும் அவளிடம் ‘சாரி’ சொன்னோம். அவள் ‘பரவாயில்லை’ என்றாள். ஆனாலும் தன் டிபன் பெட்டியோடு தனியாகவே உட்கார்ந்தாள்.

கோப்பையைச் சுண்டிப் பார்ப்பது என்று விடை சொன்னவள் அவளே.

நாடகத்துக்குப் பாத்திரம் பிரித்தபோது நீதிபதி, அரசு வழக்கறிஞர், டவாலி என்று ஒவ்வொருத்தியும் கை தூக்கினோம். ஆசிரியை அவளிடம், “உனக்கு எது வேண்டும்?” என்று கேட்டார்கள். “குறுக்கு விசாரணை செய்கிற வக்கீல்” என்றாள். சாட்சியின் வேடம், அன்று பெயர் சொன்ன தோழிக்கே சீட்டில் விழுந்தது. வேண்டுமென்று செய்ததன்று.

முதல் ஒத்திகை. மேசையை மூலையில் போட்டுக் கூண்டாக்கியிருந்தோம். எழுதிக் கொடுத்த வசனத்தில் சங்கிலி களவு போன வழக்கு. நாலைந்து கேள்விகள் எழுதியபடியே கேட்டாள். அதன்பின் கையில் இருந்த தாளை மடித்துவிட்டு, எழுதாத ஒன்றைக் கேட்டாள்.

“நீங்கள் பார்த்தது முகத்தையா, முதுகையா?”

சாட்சி தாளைப் பார்த்தாள். அதில் அந்தக் கேள்வி இல்லை. ஆசிரியையைப் பார்த்தாள். ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை.

“முதுகு” என்றாள்.

“இரட்டைச் சடையா?”

“ஆமாம்.”

“சிவப்பு ரிப்பனா?”

“ஆமாம்.”

வக்கீல் எங்கள் பக்கம் திரும்பி, “எல்லாரும் ஒரு நிமிடம் திரும்பி நில்லுங்கள்” என்றாள். நாற்பது பேர் திரும்பி நின்றோம். நாற்பது முதுகு, எண்பது சிவப்பு ரிப்பன். பின்னால் யாரோ விம்முவது கேட்டது. சாட்சியா வக்கீலா என்று திரும்பிப் பார்க்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

ஆசிரியை அந்தக் கேள்விகளையும் நாடகத்தில் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டார்கள். விழாவன்று நீங்கள் பார்த்து மிகவும் கைதட்டிய காட்சி அதுதான். மறுநாள் மதியம் அவள் டிபன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வட்டத்துக்கு வந்து, சாட்சி சொன்னவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். புளிசாதம் கொண்டு வந்திருந்தாள். எங்களுக்கெல்லாம் ஒரு கை கொடுத்தாள்.